கென்டக்கியில் வேர் தேடுகிறவர்களுக்கு: என் சில வருட அனுபவம்

என் மாமியார் வழியினர் அமெரிக்காவின் கென்டக்கிக்காரர்கள். அவர்களுடைய முன்னோர்களைத் தேட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. யாராவது யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வம்சாவளித் தளங்களுக்குச் சந்தா கட்டுவதற்கு முன்னால் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு) எதுவென்று சரியாகப் பிடியுங்கள்.

1792-இல் கென்டக்கி தனி மாநிலமானபோது இருந்தவை 9 கவுண்டிகள். இன்று 120. குடும்பம் இடம் மாறாமலே அப்பா காலத்தில் ஒரு கவுண்டி, மகன் காலத்தில் இன்னொன்று என்று ஆகியிருக்கும். பழைய பத்திரமோ பதிவான இடத்திலேயே தங்கிவிடும். சிகாகோ நியூபெரி நூலகம் தொகுத்த கவுண்டி எல்லை வரைபடங்களில் ஆண்டுவாரியாகப் பார்த்துக்கொள்ளலாம், இலவசம்.

பிறப்பு, இறப்புப் பதிவு மாநிலம் முழுக்க நிலைத்தது 1911-இல்தான். 1890 சென்சஸில் பெரும்பகுதி 1921 தீ விபத்தோடு போயிற்று. அதற்கு முந்தைய ஆட்களுக்குப் பெரும்பாலும் நிலப் பத்திரமும் உயிலும்தான் கதி.

இங்கேதான் ஃபேமிலிசர்ச் என்ற இலவச வம்சாவளித் தளம் கைகொடுக்கிறது. முன்பு எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களை வைத்துத்தான் பத்திரத்தைத் தேட முடியும். 2024-இல் வந்த முழு உரைத் தேடலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கூடச் சிக்குகிறார். பழைய கையெழுத்தை இயந்திரம் தப்பாகப் படிப்பதும் உண்டு. அப்போது ஓடையின் பெயரையோ பக்கத்து நிலக்காரர் பெயரையோ போட்டுப் பார்ப்பேன்.

இறந்தவரின் சொத்துப் பட்டியல்களை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். கட்டில், பசு, இரும்புச் சட்டி என்று போகிற வரிசையில் திடீரென்று ஒரு பெண்ணின் பெயர் வரும், பக்கத்தில் டாலரில் விலை. 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்புகளில் எசமானர் பெயர் இருக்கும். அடிமைகளுக்குப் பெரும்பாலும் வயதும் பாலினமும் நிறமும்தான். விடுதலையான எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் சென்சஸ் 1870-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் போக வேண்டிய கறுப்பினக் குடும்பங்களுக்கு எசமானர் வீட்டுச் சொத்துப் பட்டியலே வழி.

1880-களில் வந்த கவுண்டி வரலாற்று நூல்கள் பார்க்க அழகு. ஆனால் அந்த நூலுக்குச் சந்தா கட்டியவர்களின் புகழ்மாலைதான் அதிகம். தேவாலயம், மில் பற்றிய தகவலுக்கு மட்டும் புரட்டுகிறேன்.

1996-இல் கென்டக்கியில் தொடங்கிய ஜென்வெப் என்ற இணைய வம்சாவளித் திட்டம் முழுக்கத் தன்னார்வலர்களுடையது. ஒரு கவுண்டிக்குக் கல்லறைப் பட்டியல் வரை கிடைக்கும், அடுத்ததில் ஒன்றுமிருக்காது. அப்புறம், கட்டணத் தளம் வேண்டுமென்றால் ஊர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள். அங்கேயே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கப் பல நூலகங்களில் வசதி இருக்கிறது.