கட்டிங்கா, பிரிண்டா? கரூரில் ஸ்டிக்கர் ஒட்டிய அனுபவம்

கரூரில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். பஸ் பாடி கட்டும் ஊர் என்பதால் என் வேலையில் பாதி பஸ்ஸின் மேல்தான். நிற வினைல், அதாவது பசையுள்ள பிளாஸ்டிக் ஷீட்டில் எழுத்தை வெட்டித் தரும் கட்டிங் பிளாட்டர் வாங்கியது 2011இல், வெள்ளை வினைலில் மையால் அடிக்கும் பிரிண்டர் 2018இல். அடுத்த ஆண்டே, ஏப்ரல் முதல் விற்கும் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமாகிவிட்டது. நம்பர் வெட்டி ஒட்டிய வருமானம் தேயத் தேய, எது வந்தாலும் பிரிண்ட் அடித்தேன். கடனில் வாங்கிய இயந்திரம் சும்மா நிற்பதைப் பார்க்க மனம் வராது.

அந்த வேகத்தில் செய்ததுதான் ஒரு மருந்துக் கடை போர்டு. மேற்குப் பார்த்த கடை. மேலே பிரிண்ட் வினைல், கண்ணாடிக் கதவில் கட்டிங் எழுத்து, இரண்டிலும் ஒரே சிவப்பு. விலை குறைக்கச் சொன்னார் என்று போர்டுக்கு லேமினேஷனை, அதாவது பிரிண்டின் மேல் ஒட்டும் பாதுகாப்புப் படலத்தை, விட்டுவிட்டேன். இரண்டாவது கோடை முடிந்தபோது போர்டு வெளிறிய ரோஸாகிவிட்டது. கதவு அப்படியே இருந்தது. போர்டை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துச் செய்தீர்களா என்று கடைக்காரர் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

கட்டிங் வினைலில் நிறம் ஷீட்டுக்குள்ளேயே கலந்திருக்கிறது. பிரிண்டில் வெள்ளை ஷீட்டின் மேல் மெல்லிய மைப் பூச்சு, அவ்வளவுதான். போர்டில் இருந்தது மெஜந்தா என்ற ரோஸ் மையும் மஞ்சள் மையும் சேர்ந்து காட்டும் சிவப்பு. வெயிலுக்கு முதலில் பலியாவது இந்த இரண்டு மையும்தான். சியான் என்ற நீல மையும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். நம் ஊர்ப் பேனர்களில் தலைவர்கள் சில மாதங்களில் நீலம் பாரித்து நிற்பது இதனால்தான்.

லேமினேஷன் போட்டால் ஆயுள் கூடும். ஆனால் அடித்த சூட்டில் போடக்கூடாது. மையில் உள்ள சால்வென்ட் என்ற கரைப்பான் வெளியேற ஒரு நாளாவது சுருட்டாமல் விரித்துப் போட வேண்டும். அவசரத்தில் ஒரு முறை அன்று மாலையே லேமினேட் செய்து ஒட்டினேன். உள்ளே சிக்கிய சால்வென்ட் பசையை இளக்கி, ஒரே மாதத்தில் ஓரமெல்லாம் சுருண்டது.

ஷீட்டின் ரகமும் கவனிக்க வேண்டியது. வாடிக்கையாளருக்குச் சமையலறையை வைத்தே சொல்வேன். காலண்டர்ட் வினைல் பூரி மாவு மாதிரி: ரோலரில் அழுத்தித் தேய்த்தது, பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். காஸ்ட் வினைல் தோசை மாதிரி: ஊற்றிப் பரப்பியது, அதற்கு அந்த இழுப்பு இல்லை. காலண்டர்ட் சுருங்கிய இடத்தில் பசை வெளியே தெரியும், அதில் புழுதி ஒட்டி எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழும். ரிவெட்டும் வளைவும் உள்ள பஸ் உடம்புக்கு, கட்டிங்கோ பிரிண்டோ, காஸ்ட் தவிர வேறு ஒட்டுவதில்லை. விலை கேட்டுத் திரும்பிப் போகிறவர்கள் போகட்டும்.

கட்டிங்கில் பாடு வேறு. தமிழில் புள்ளி என்று ஒன்று இருக்கிறதே! வேண்டாத வினைலை உரிக்கும்போது புள்ளியும் கூடவே வந்துவிடும். ஒரு பஸ்ஸின் நெற்றியில் ‘முருகன துணை’ என்று இரண்டு நாள் ஓடியது. உரிமையாளர் பார்ப்பதற்குள் பஸ் ஸ்டாண்டுக்கே போய், ஸ்டூல் போட்டு ஏறிப் புள்ளி வைத்தேன். இப்போது எழுத்துரு கொடுக்கும் புள்ளியை நம்பாமல் சற்றுப் பெரிதாகவே போடுகிறேன். பழைய எழுத்துருக்களில் ‘கி’யின் மேல்விலங்கு ‘க’வின் மேல் ஏறிக் கிடக்கும். டிசைன் செய்யும் கோரல்டிரா மென்பொருளில் இரண்டையும் ஒரே வடிவமாக வெல்ட் செய்யாமல் அனுப்பினால் கத்தி எழுத்துக்குள்ளேயே குறுக்கே வெட்டும். தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வண்டிக்குக் கூர்மூலைகளைத் துளி மழுக்கிவிடுகிறேன். கூர்முனைதான் முதலில் எழும்பும்.

அதனால் இப்போது எத்தனை நிறம் என்று முதலில் கேட்பதில்லை. எந்தத் திசை பார்த்த இடம், எத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். பெயர், ஊர், முகவரி என்றால் கட்டிங். சாமி படம், நிறம் மாறி மாறிக் கரையும் டிசைன், விரல் நகத்தைவிடச் சிறிய எழுத்து என்றால் பிரிண்ட், லேமினேஷனோடு. தள்ளுபடி அறிவிப்பு மாதிரி இரண்டு மாதச் சமாசாரத்துக்கு லேமினேஷன் தண்டச் செலவு.

போன மாதம் கைமாறிய பஸ் ஒன்று வந்தது. நான் 2015இல் காஸ்ட் வினைலில் வெட்டி ஒட்டிய பெயர். சூடான காற்று ஊதும் ஹீட் கன் காட்டியதும் எழுத்து எழுத்தாக முழுசாக உரிந்து வந்தது. மலிவுப் பிரிண்ட் என்றால் நகம் நகமாகப் பிய்ந்து, மிச்சப் பசையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் சுற்றிலும் பெயின்ட் வெளுத்திருக்க, எழுத்து இருந்த இடம் மட்டும் புதுசு போலப் பளிச்சென்று இருந்தது. ஒட்டியிருந்ததைவிடத் தெளிவாகப் பழைய பெயர் தெரிந்தது. புது உரிமையாளர் சற்று நேரம் பார்த்துவிட்டு, அதை மறைக்கிற அளவுக்கு ஒரு பெரிய மயில் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.