ஓப்பன்எஸ்எஸ்எல் 3.1.2 ஃபிப்ஸ் புரொவைடர்: சான்றிதழ் எண் 4985-ஐ நம்பி இறங்கலாமா?

அமெரிக்க அரசுத் துறைகளுக்கு மென்பொருள் விற்க வேண்டுமென்றால், அதில் என்கிரிப்ஷன் செய்யும் பகுதிக்கு ஃபிப்ஸ் 140 என்ற அரசுப் பாதுகாப்புத் தரத்தின் சான்றிதழ் இருக்க வேண்டும். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனமும் கனடாவின் சைபர் பாதுகாப்பு மையமும் சேர்ந்து நடத்தும் சிஎம்விபி திட்டம்தான் அதை வழங்குகிறது. பணம் கொடுத்து அதை வாங்க முடியாத குழுக்கள் பலவும் நாடுவது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல என்கிரிப்ஷன் நூலகத்தின் ஃபிப்ஸ் புரொவைடரை, அதாவது சான்றிதழ் பெற்ற அல்காரிதம்களைத் தரும் பகுதியை. இதன் 3.1.2 பதிப்புக்கு 2025 மார்ச்சில் 140-3 என்ற புதிய தரத்தின் சான்றிதழ் (எண் 4985) கிடைத்தது. 3.0 வரிசைக்கான பழைய சான்றிதழ் (எண் 4282) 140-2 என்ற பழைய தரத்துக்கு உரியது. 140-2 சான்றிதழ்களுக்கு 2026 செப்டம்பர் 21 வரைதான் ஆயுள். அதன்பின் அவை ‘ஹிஸ்டாரிக்கல்’ பட்டியலுக்குப் போகும், புதிய கொள்முதலுக்கு உதவாது. ஆகவே புதிதாக நிறுவுபவர்கள் 3.0-ஐத் தொட வேண்டாம்.

இந்தப் புரொவைடரின் உண்மையான பலம் அதன் பிரிப்பு. சோதனைக்கு உட்பட்டது ஃபிப்ஸ்.எஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பு மட்டுமே. இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறை எல்லாம் அதற்கு வெளியே. ஃபிப்ஸ்.எஸ்ஓவை 3.1.2 மூலநிரலிலிருந்து கட்டி, சுற்றியுள்ள நூலகத்தைப் புதிய 3.x பதிப்பாக வைத்துக்கொள்ளலாம். டிஎல்எஸ்ஸில் ஓட்டை தெரிந்தால் சான்றிதழ் கெடாமல் அடைத்துவிடலாம். 3.0-க்கு முந்தைய 2.0 ஃபிப்ஸ் மாட்யூலில் இந்த வசதி இல்லை. அது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 பதிப்போடு கட்டுண்டு கிடந்தது. அந்தப் பதிப்புக்கான பொது ஆதரவு 2019 இறுதியில் முடிந்தது.

ஃபிப்ஸ்.எஸ்ஓவுக்குள்ளேயே பிழை இருந்தால் நிலைமை வேறு. ஒரு வரி மாற்றினாலும் மறுசோதனை. பழைய 2.0 மாட்யூலில் டூயல் ஈசி என்ற சீரற்ற எண் உருவாக்கி வேலையே செய்யாத அளவுக்குப் பிழையோடு இருந்தது 2013 டிசம்பரில்தான் வெளிவந்தது. அத்தனை சோதனைகளையும் அது தாண்டி வந்திருந்தது! சான்றிதழ் என்பது குறித்த அல்காரிதம்கள் குறித்த சோதனைகளில் சரியான விடை தந்தன என்பதற்கான உறுதி. நிரலில் பிழையே இல்லை என்பதற்கு அல்ல.

நிறுவும்போது மூலநிரல் தொகுப்பின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ்) முதலில் வெளியிடப்பட்ட மதிப்போடு ஒப்பிடுங்கள். ‘எனேபிள்-ஃபிப்ஸ்’ தெரிவோடு, சான்றிதழோடு வரும் செக்யூரிட்டி பாலிசி ஆவணம் சொல்லும்படியே கட்டுங்கள். அடுத்து ‘ஃபிப்ஸ்இன்ஸ்டால்’ கட்டளை. அது சுயசோதனைகளை ஓட்டி, ஃபிப்ஸ்.எஸ்ஓவின் எச்மேக் மதிப்பை (மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு ஒரு கான்ஃபிக் கோப்பில் எழுதுகிறது. அதன்பின் ஃபிப்ஸ்.எஸ்ஓவில் ஒரு பைட் மாறினாலும் புரொவைடர் நினைவகத்தில் ஏறாது. லினக்ஸின் ஆர்பிஎம் பொதியைத் தொகுக்கும்போது டீபக் குறியீடுகளை ‘ஸ்ட்ரிப்’ செய்யும் (நீக்கும்) படி தானாக ஓடுவதால் இது அடிக்கடி நடக்கிறது. ஃபிப்ஸ்இன்ஸ்டாலை எல்லாவற்றுக்கும் கடைசியில், ஓடப்போகும் இயந்திரத்திலேயே ஓட்டுவதுதான் சரி. ஒரு சர்வரில் உருவான கான்ஃபிக்கை இன்னொன்றுக்கு நகலெடுக்கக் கூடாது.

பெரும்பாலான தொல்லை முதன்மைக் கான்ஃபிக்கில்தான். ஃபிப்ஸ் புரொவைடரோடு ‘பேஸ்’ புரொவைடரையும் இயக்க வேண்டும். மறந்தால் பெம் வடிவச் சாவிக் கோப்புகளைக்கூடப் படிக்க முடியாது. அவற்றைப் பிரித்துப் படிக்கும் டீகோடர்கள் பேஸில் இருக்கின்றன. பிழைச்செய்தியில் பேஸ் என்ற பெயரே வராது என்பதால் பலர் சாவியைக் குறைசொல்லி அலைகிறார்கள். இதைவிட ஆபத்தானது, சான்றிதழ் இல்லாத ‘டீஃபால்ட்’ புரொவைடரையும் சேர்த்து இயக்கிவிட்டு, இயல்புப் பண்பாக ‘ஃபிப்ஸ்=யெஸ்’ என்று எழுத மறப்பது. எல்லாம் ஓடும், ஃபிப்ஸ் ஏற்காத பழைய ஹாஷ் முறையான எம்டி5 உட்பட. தணிக்கை வரும்வரை யாருக்கும் தெரியாது. ‘கான்ஃபிக்_டயக்னாஸ்டிக்ஸ்=1’ என்ற வரியையும் விடாதீர்கள். அது இல்லாவிட்டால் கான்ஃபிக் பிழைகளை நூலகம் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எல்லாம் முடிந்ததும் ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையில் எம்டி5 கேட்டுப் பாருங்கள். மறுத்தால் சரி, ஹாஷ் வந்தால் கான்ஃபிக் படிக்கப்படவே இல்லை, அல்லது ‘ஃபிப்ஸ்=யெஸ்’ விடுபட்டிருக்கிறது.

உடையப்போவதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சாவியையும் சான்றிதழையும் ஒன்றாக வைக்கும் பிஎஃப்எக்ஸ் கோப்புகள் வழக்கமாகப் பயன்படுத்தும் பிகேசிஎஸ்12 சாவி வருவிப்பு இதில் இல்லை, பெம்முக்கு மாறுங்கள். கடவுச்சொல்லிலிருந்து சாவி வருவிக்கும் எஸ்கிரிப்ட் இல்லை. சாச்சா20 என்கிரிப்ஷன் இல்லை, டிஎல்எஸ்ஸில் ஏஇஎஸ்-ஜிசிஎம்தான். எஸ்கிரிப்ட் செய்யும் வேலைக்கே பிபிகேடிஎஃப்2 கிடைக்கும், ஆனால் சால்ட் (கடவுச்சொல்லோடு சேர்க்கும் சீரற்ற தரவு) 16 பைட்டுக்கும் சுற்று 1000-க்கும் குறைந்தால் பிழை. 2048 பிட்டுக்குக் குறைந்த ஆர்எஸ்ஏ சாவி உருவாக்க முடியாது.

வேகத்தில் ஒரு மாற்றம் உண்டு. 3.0-ல் நிறுவும்போது ஒருமுறை சுயசோதனை முடித்தால் போதும். 140-3 விதிப்படி இப்போது புரொவைடர் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அது ஓடும். நாள்கணக்கில் ஓடும் சர்வருக்குப் பொருட்டல்ல. ஷெல் ஸ்கிரிப்டில் ஓப்பன்எஸ்எஸ்எல்லை ஆயிரக்கணக்கில் அழைப்பவர்களுக்கு நிச்சயம் உறைக்கும்.

கோ மொழியில் எழுதிய நிரலுக்கு இதை நிறுவிப் பயனில்லை. அது தன் சொந்த கிரிப்டோ நூலகத்தையே பயன்படுத்துகிறது. போஸ்ட்-குவான்டம் (குவான்டம் கணினிகளைத் தாங்கும்) என்கிரிப்ஷன் தேவைப்படுபவர்களும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வெளி நூலகத்தை 3.5-க்கு உயர்த்தினாலும், அவ்வகை அல்காரிதமான எம்எல்-கெம் 3.1.2-ன் ஃபிப்ஸ்.எஸ்ஓவுக்குள் இல்லாததால், ‘ஃபிப்ஸ்=யெஸ்’ இருக்கும்வரை டிஎல்எஸ் பேச்சுவார்த்தையில் அது முன்வைக்கப்படாது.