12 ஆண்டுகளாகக் கிட்: நின்றுபோகும் புஷ்ஷும் முடிவுக்கு வராத தேடலும்

சென்ற வாரம் வீட்டுக் கணினியை அலுவலக வலையமைப்போடு இணைக்கும் வி.பி.என். அமைப்பில் ஒரே ஓர் எண்ணை மாற்றியதும், ஏழு மாதங்களாக என்னை வாட்டிவந்த கோளாறு அடியோடு நீங்கியது. அதே வாரத்தில், சப்வெர்ஷனில் வேலை செய்துவரும் நண்பர் ஒருவர், தம் குழு கிட்டுக்கு மாறலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். இரண்டுமே நிரல் கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள்கள்; சப்வெர்ஷனில் அந்த வரலாறு மைய சர்வரில் இருக்கும், கிட்டில் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். நாள்தோறும் கிட்டைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், பிராஞ்ச் (கிளை பிரித்தல்), மெர்ஜ் (கிளைகளை இணைத்தல்) ஆகியவற்றின் வசதியை அவருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது, பரிமாற்றம் நின்றுபோகும் வேளையில் கிட் காக்கும் மௌனத்தைப் பற்றி.

வீட்டிலிருந்து ஃபெட்ச் செய்தால், அதாவது சர்வரிலிருந்து புதிய மாற்றங்களை இறக்கினால், எல்லாம் ஒழுங்காக வந்து சேரும். இரண்டு வரித் திருத்தத்தைப் புஷ் செய்தால், அதாவது சர்வருக்கு அனுப்பினால், அதுவும் தடையின்றிப் போகும். கமிட்டில், அதாவது பதிவு செய்த மாற்றத் தொகுப்பில், ஒரு படக்கோப்பு சேர்ந்துவிட்டால் மட்டும், திரையில் ‘ரைட்டிங் ஆப்ஜெக்ட்ஸ் 100%’ என்று காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். பிழைச் செய்தி வராது, டெர்மினலும் கைக்குத் திரும்பாது. ஒருநாள் இரவு உணவை முடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அதே வரிதான் இருந்தது. அந்த 100% சர்வர் பெற்றுக்கொண்ட அளவைக் குறிப்பதில்லை. நம் கணினி தன் பக்கத்திலிருந்து எழுதி வெளியே தள்ளிய அளவையே குறிக்கிறது. தள்ளியது வழியில் தொலைந்து போனாலும் அந்த எண் மாறுவதில்லை. முன்னேற்றத்தைக் காட்டுவதற்கென்றே உள்ள ஒரு வரி, அறிய வேண்டிய நேரத்தில் இப்படித் தவறான உறுதியைத் தருவதை 12 ஆண்டுகளுக்குப் பிறகும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தக் கோளாறுக்கு எல்லோரும் முதலில் சொல்லும் மருந்து, ஹெச்.டி.டி.பி. போஸ்ட்பஃபர் (அனுப்பும் தரவைச் சேர்த்துவைக்கும் நினைவக இடம்) அளவை 500 எம்.பி.க்கு உயர்த்துவது. நானும் அதைப் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். அதன் இயல்பான அளவு 1 எம்.பி.; அதற்கு மேற்பட்ட தரவைக் கிட் துண்டு துண்டாக அனுப்பும். அந்த முறையை ஏற்காத பழைய சர்வரோ இடையில் நின்று தரவைக் கடத்தும் பிராக்ஸியோ இருந்தால்தான் அளவை உயர்த்துவதால் பயன் உண்டு. பெரும்பாலான புஷ் சிக்கல்களுக்கு இது தீர்வாகாது என்றும், சிறிய புஷ்ஷுக்கும் அந்த முழு நினைவகமும் ஒதுக்கப்படும் என்றும் கிட்டின் கையேடே தெளிவாக எழுதியிருக்கிறது. அதைப் படித்த அன்றே அந்த அமைப்பை நீக்கினேன்.

உண்மையான காரணம், தரவு பிரிந்து செல்லும் சிறு பொதியான பாக்கெட்டின் அளவில் இருந்தது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை செல்லலாம். வி.பி.என். தன் உறையை அதன்மேல் சுற்றும்போது உள்ளே உள்ள பாக்கெட் அதைவிடச் சிறிதாக இருந்தாக வேண்டும். எங்கள் அமைப்பிலோ உள்ளேயும் 1500 என்றே குறித்திருந்தார்கள். பெரிய பாக்கெட் வழியில் கைவிடப்பட்டது. ‘இது பெரிது, சிறிதாக்கி அனுப்பு’ என்று திரும்பி வரவேண்டிய ஐ.சி.எம்.பி. அறிவிப்பையும் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்துவிட்டது. ஒரே பாக்கெட்டில் அடங்கிய சிறு திருத்தங்கள் மட்டும் தப்பிப் பிழைத்துச் சென்றதற்கு இதுவே காரணம். துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்பிப் பார்த்தேன்: 1472 பைட்டுக்குப் பதில் இல்லை, 1352 பைட்டுக்கு உடனே பதில் வந்தது. தலைப்புக்குரிய 28 பைட்டைக் கூட்டி, வி.பி.என். இடைமுகத்தின் எம்.டி.யூ.வை, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை, 1380 என்று வைத்ததும் படக்கோப்பு சில வினாடிகளில் போய்ச் சேர்ந்தது.

இதில் கிட்டின்மேல் பிழை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், குறித்த வேகத்துக்குக் கீழே குறித்த நேரம் இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் லோ ஸ்பீட் லிமிட், லோ ஸ்பீட் டைம் என்ற இரண்டு அமைப்புகள் கிட்டிலேயே இருக்கின்றன. நாமாக எண் கொடுக்கும்வரை அவை செயல்படுவதில்லை. 1000 பைட், 60 வினாடி என்று வைத்திருந்தால், ஏழு மாதங்கள் வீணாகாமல், ஒரு நிமிடத்தில் பிழைச் செய்தி கண்டு காரணத்தைத் தேடத் தொடங்கியிருப்பேன். ஹெச்.டி.டி.பி.க்குப் பதிலாக எஸ்.எஸ்.ஹெச். என்ற இணைப்பு வழியாகச் செல்வோருக்கு அவை உதவா. அங்கே, சர்வர் இன்னும் பதில் தருகிறதா என்று கேட்கும் இடைவெளியான சர்வர் அலைவ் இன்டர்வெல்லை 30 வினாடி என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

குளோன், அதாவது கோப்புகளும் வரலாறும் அடங்கிய களஞ்சியத்தை நகலெடுத்தல், பாதியில் அறுந்தால் கதை இன்னும் மோசம். தரவைக் கட்டி அனுப்பும் பாக் கோப்பைச் சர்வர் அந்தந்தக் கோரிக்கைக்கு ஏற்ப அப்போதே தயாரிப்பதால், விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. வந்து சேர்ந்த அனைத்தும் வீணாகி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கமிட்டுகள் கொண்ட லினக்ஸ் கெர்னல் களஞ்சியத்தை மெதுவான இணைப்பில் எடுக்க முயன்றவர்களுக்கு இந்த வேதனை தெரியும். கெர்னல் தளத்தார் அதற்கெனக் களஞ்சியத்தை ஒரே கோப்பாகக் கட்டிய பண்டில் கோப்பு ஒன்றைத் தருகிறார்கள். சாதாரணக் கோப்பு என்பதால் அதை டபிள்யூகெட் என்ற இறக்கக் கருவி கொண்டு விட்டு விட்டு இறக்கி, அதிலிருந்து குளோன் செய்து, மீதத்தை மட்டும் ஃபெட்ச் செய்துகொள்ளலாம்.

இணைப்புக்கு அஞ்சி, பிளாப்களை, அதாவது கோப்புகளின் உள்ளடக்கத்தை, விட்டுவிட்டு எடுக்கும் பகுதிக் குளோனையும் பயன்படுத்தினேன். சில நிமிடங்களில் குளோன் முடிந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பிறகு, ஒரு மாறியின் பெயர் எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று ‘லாக் -எஸ்’ கொண்டு தேடியபோது, தேடல் ஊர்ந்து, நின்று, கடைசியில் இணைப்புக் காலாவதியாகிவிட்டது என்ற செய்தியுடன் முடிந்தது. பழைய உள்ளடக்கம் வட்டில் இல்லாததால், வரலாற்றில் ஒவ்வோர் அடி பின்னே செல்லும்போதும் கிட் சர்வரிடம் ஒரு சிறு கோரிக்கை வைத்துக்கொண்டிருந்தது. நான் தேடல் என்று நினைத்தது உண்மையில் ஆயிரக்கணக்கான சிறு பரிமாற்றங்கள். 2025இல் வந்த 2.49 பதிப்பின் பேக்ஃபில் கட்டளை, விடுபட்ட பிளாப்களைத் தொகுதிகளாக வாங்கி நிரப்பிவிடுகிறது. அதை ஓரிரவு ஓடவிட்டபின் அதே தேடல் இணையத்தையே தொடாமல் முடிந்தது.

முழு வரலாறும் வட்டில் இருக்கும்போது கிட் தரும் இன்பத்துக்கு ஈடு இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் சர்வரின் இணையப்பக்கத் தேடல் நேரம் கடந்துவிட்டது என்று கைவிரிக்கும் அதே சொல்லை, கிட்டின் தேடல் கட்டளையான கிரெப் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துத் தருகிறது. ஒரு கோப்பின் வரலாற்றைக் கேட்டால் மெதுவாக இருக்கிறதா? கமிட்டுகளின் சுருக்க அட்டவணையான கமிட்-கிராஃபை ‘சேஞ்சுடு பாத்ஸ்’ தெரிவுடன் ஒருமுறை எழுதிவைத்தால் போதும். 2020இல் வந்த 2.27 பதிப்பிலிருந்து அதில் சேர்க்கப்படும் புளூம் வடிகட்டிகள், அந்தக் கோப்பைத் தொடாத கமிட்டுகளைப் பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்க்காமலேயே தாண்டிச் செல்ல உதவுகின்றன. சப்வெர்ஷனில் லாக் (மாற்றங்களின் பட்டியல்), பிளேம் (எந்த வரியை யார் மாற்றினார் என்பது) இரண்டுக்குமே சர்வரின் வாசலில் காத்து நிற்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, நண்பருக்கு இப்போது மாறவேண்டாம் என்றே பதில் அனுப்பியிருக்கிறேன். அவர் இருக்கும் இடத்தில் இணைப்பு நாளுக்குப் பலமுறை அறுகிறது. அவருடைய களஞ்சியத்தில் நிரலைவிடப் பெரிய வடிவமைப்புக் கோப்புகளே மிகுதி. சப்வெர்ஷனில் செக்அவுட் பாதியில் நின்றால், கிளீனப் கொடுத்துவிட்டு அப்டேட் செய்ய, வந்து சேர்ந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதத்தைத் தொடர்கிறது. கிட்டிடம் நான் கேட்டுக் கிடைக்காத ஒன்று அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதையும் மீறி அவர் மாறுவதென்று முடிவு செய்தால், களஞ்சியத்தை நானே இங்கே மாற்றி, பண்டிலாகக் கட்டி, பென்டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.