உயர்நிலைப் பள்ளி மாணவருக்கான அறிதிறன் நரம்பியல் இணையவழிப் படிப்பு: ஒரு மதிப்பீடு

மூளையின் படத்தைக் கொடுத்துப் பகுதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யவைக்கும் பாடங்கள் மலிந்திருக்கையில், மனச்செயல்களுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் பதினைந்து, பதினாறு வயதினருக்குக் கற்பிக்கும் இந்தப் படிப்பு மனிதரின் நடத்தையை அளப்பதிலிருந்து தொடங்குவதே இதை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம்.

1935-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனையை மாணவர் முதல் பாடத்திலேயே தாமே செய்துபார்க்கிறார். நீல மையில் எழுதப்பட்ட 'சிவப்பு' என்னும் சொல்லைக் கண்டு மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். வாசிப்பு முந்திக்கொள்வதால் விடை தாமதமாகிறது. அந்தத் தாமதத்தைப் பதிவுசெய்து, குழுவின் சராசரியைக் கணக்கிடும்போது, கண்ணுக்குப் புலப்படாத மனச்செயலையும் அளக்கலாம் என்பது அவருக்கு விளங்கிவிடுகிறது. சராசரிக்கும் வரைபடத்துக்கும் மேற்பட்ட கணிதம் எதுவும் தேவைப்படவில்லை.

நினைவாற்றல் பாடம் இதனினும் சிறந்தது. 1953-இல் வலிப்பு நோய்க்கான அறுவையில் நினைவுக்கு இன்றியமையாத மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை இருபுறமும் இழந்த ஹென்றி மொலைசனால் புதிய நிகழ்வுகளை நினைவில் நிறுத்த இயலவில்லை. எனினும், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில், அதை முன்பு செய்ததே நினைவில்லாதபோதும், அவர் நாளுக்கு நாள் தேறினார். நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர் கண்டறிந்த இந்த முடிவை ஆசிரியர் உடனே சொல்லிவிடுவதில்லை. மாணவரையும் அதே பயிற்சியைச் செய்யவைத்து, நினைவு ஒன்றா பலவா என்ற கேள்வியை அவர்களே எழுப்பும்வரை பொறுத்திருக்கிறார். பாடம் நடத்தும் கலை அறிந்தவர் அவர்.

மூளையின் பத்து விழுக்காட்டையே பயன்படுத்துகிறோம் என்னும் கட்டுக்கதையையும் சுருக்கமாக, தெளிவாக மறுத்திருக்கிறார்கள்.

மூளைப் படமாக்கல் பற்றிய பாடம்தான் ஏமாற்றமளிக்கிறது. காந்தப்புலத்தைக் கொண்டு மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. நரம்பணுக்களின் மின்துடிப்பை நேரடியாகக் காண்பதில்லை. இரத்தத்தின் ஆக்சிஜன் நிலையில் ஏற்படும் மாற்றத்தையே பதிவுசெய்கிறது, அதுவும் சில விநாடிகள் பிந்தியே உச்சம் பெறுகிறது. தலையின் மேல் வைக்கும் மின்முனைகளால் மூளையின் மின்செயலைப் பதியும் இ.இ.ஜி. காலத்தை நுட்பமாகக் காட்டும். இடத்தை அவ்வாறு காட்டாது. இவற்றை ஒரே வரியில் கடந்து வண்ணப்படங்களை அடுக்கியிருப்பதால், சிவந்து தெரியும் இடத்தில்தான் அச்சம் குடியிருக்கிறது என்று மாணவர் நம்பிவிடக்கூடும். ஆயிரக்கணக்கான இடங்களை ஒருசேரச் சோதிக்கையில் தற்செயலாக எழும் பொய் முடிவுகளைக் களையும் புள்ளியியல் திருத்தம் செய்யாவிட்டால் இறந்த சால்மன் மீனின் மூளையிலும் 'செயல்பாடு' தென்படும் என்று 2009-இல் காட்டிய ஆய்வை இங்கே சேர்த்திருக்க வேண்டும். இந்தப் பாடத்தை மட்டும் ஆசிரியர் ஒருவர் உடனிருந்து விளக்குவது நல்லது; மற்றவற்றை மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, சோதனை எதையும் விட்டுவிடாமல், தாமாகவே கற்கலாம்.