ஷேர் தி மீல் செயலி: மியான்மருக்குப் பணம் அனுப்பலாமா?

பசித்தவர்களுக்கு உணவு கொடுக்க நன்கொடை திரட்டும், ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தின் இந்தச் செயலியை 2025 மார்ச் மியான்மர் நிலநடுக்கத்துக்கு அப்புறம்தான் போனில் இறக்கினேன். பயன்படுத்த எளிது, சின்னத் தொகையே போதும். ராணுவ ஆட்சி நடக்கிற நாட்டுக்குக் கொடுத்தால் ஜெனரல்கள் கைக்குத்தானே போகும் என்று நண்பர் கேட்டார். நியாயமான பயம்தான், 2008 நர்கிஸ் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தும் காணாமலும் போன பிறகும், வெளிநாட்டு உதவியை வாரக்கணக்கில் தடுத்துவைத்துவிட்டு அதே மே மாதம் அரசியல் சாசன வாக்கெடுப்பு நடத்தியது அன்றைய ராணுவ ஆட்சி. அப்போது மக்களுக்குச் சோறு கொண்டுபோனவர்களில் உள்ளூர் புத்த பிக்குகளும் சாதாரண ஜனங்களும் நிறைய. அதனால் அரசைத் தாண்டிப் போகிற வழியைத் தேடுவோம், கொடுக்காமலே இருந்தால் பட்டினி கிடப்பது ஜெனரல் இல்லை, குழந்தைதான். நான் இந்தச் செயலி வழியாக மாதாமாதம் அனுப்புகிறேன், நீங்களும் தாராளமாக இறக்கலாம்.