லீவில் வந்து ஆபரேஷன் வார்டில் நிற்பவர்களுக்கு

பெரியவருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்று போன் வந்ததும் டிக்கெட் போடுகிறவர்கள், ஆபரேஷன் நாளை ஒட்டியே லீவைக் கணக்குப் போடுகிறார்கள். அங்கேயே பிசகுகிறது. ஆபரேஷனுக்குப் பின் வரும் திடீர் மனக்குழப்பம், அதாவது டெலிரியம், பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் தலைகாட்டும். சிலருக்கு இரண்டு நாளில் தெளியும். சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். லீவின் பெரும்பகுதியை ஆபரேஷனுக்குப் பிந்தைய நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை லீவில் வந்து நான் பார்த்ததில் ஆபரேஷன் தியேட்டர் பக்கம் குறையில்லை. மயக்க மருத்துவர் முன்தினமே வந்து இதயம், சர்க்கரை, பழைய மாத்திரை எல்லாம் விசாரித்தார். நினைவாற்றலை மட்டும் யாரும் தொடவில்லை. அதைப் பார்க்கும் மினி-காக் சோதனைக்கு மூன்று நிமிடம் போதும். மூன்று சொற்களைச் சொல்லி, கடிகாரம் வரைந்து 11:10 காட்டச் சொல்லி, பிறகு அந்தச் சொற்களைத் திரும்பக் கேட்பார்கள். சொல்லுக்கு 1, சரியான கடிகாரத்துக்கு 2, ஆக மொத்தம் 5. மூன்றுக்குக் கீழே போனால் உஷாராக வேண்டும். எண்களெல்லாம் ஒரு பக்கமாக நெருக்கியடித்து, ஒரு முள் 11ஐயும் இன்னொன்று 2க்குப் பதில் 10ஐயும் காட்டி நின்றால், காதில் விழுந்த எண்ணிலேயே மூளை சிக்கிக்கொண்டது என்று பொருள். பேனா பிடித்துப் பழகாதவரிடமோ வலியில் துடிப்பவரிடமோ இதை வைத்து முடிவு கட்டக் கூடாது.

வார்டில்தான் நிஜமான ஓட்டை. கத்துகிறவரை, டியூபைப் பிடுங்குகிறவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். கண்ணை மூடி, கேட்டதற்கு அரைகுறையாக முனகுகிறவரை "நல்லா ரெஸ்ட் எடுக்கறாங்க" என்று விட்டுவிடுகிறார்கள். அதுவும் டெலிரியம்தான். தப்பிப்போவது பெரும்பாலும் அந்த வகைதான். கண்டுபிடிக்க 4ஏடி என்று ஒரு சோதனை இருக்கிறது: விழிப்பு, வயது, பிறந்த தேதி, இடம், நடப்பு ஆண்டு, மாதங்களைப் பின்னிருந்து சொல்வது, கடைசியாக, அண்மையில் திடீர் மாற்றமோ ஏற்ற இறக்கமோ உண்டா என்பது. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அதற்கே 4 மதிப்பெண். மொத்தம் 4 வந்தாலே டெலிரியம் என்று சந்தேகிக்க வேண்டும். ஆக, வீட்டார் வாய்ச்சொல் அவ்வளவு கனமானது.

ஆனால் எந்த வீட்டார்? வெளிநாட்டிலிருந்து வந்தவர் அல்ல. வீடியோ காலில் பத்து நிமிடம் யாராலும் சமாளித்துவிட முடியும். ஒரு வருடமாகவே இருந்த மறதியை ஆபரேஷன் கோளாறு என்று சண்டை பிடிப்பதும், நேற்று வந்த குழப்பத்தை "வயசாச்சு" என்று தள்ளுவதும் நாம்தான். தினமும் கூட இருந்து பார்த்துக்கொள்பவரை டாக்டர் முன் நிறுத்துங்கள். நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

முழு மயக்கம் கொடுக்காமல் முதுகில் ஸ்பைனல் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தால் குழப்பம் வராது என்ற நம்பிக்கையில் மயக்க மருத்துவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். இடுப்பு எலும்பு முறிவில் 2021இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் முழு மயக்கத்துக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அந்த வேகத்தை வேறு இடத்தில் காட்டலாம். வலி அடங்காததே குழப்பத்தைக் கிளப்பும். நேரத்துக்கு நேரம் பாராசிட்டமால் போகிறதா, வலி தெரியாமல் நரம்பை மரக்கவைக்கும் ஊசி (நரம்பு பிளாக்) கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். யூரின் டியூபை எப்போது எடுப்பார்கள், மலம் கழிந்து எத்தனை நாளாயிற்று என்று தினமும் கேளுங்கள். தியேட்டருக்குள் போகும்போது கழற்றிய கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் மூன்றும் உங்கள் பையிலேயே கிடக்கும்; விழித்ததும் மாட்டிவிடுங்கள். கையைக் கட்டிவைத்தால் மிரட்சி கூடும். பக்கத்தில் தெரிந்த முகம் இருந்தாலே பாதி அடங்கும். ஜெட்லாக்கில் எப்படியும் தூக்கம் வராது, ராத்திரி டியூட்டியை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் கொண்டுவந்த தூக்க மாத்திரையையும் சளி மாத்திரையையும் வெளியே எடுக்காதீர்கள். பலவற்றில் டைபென்ஹைட்ரமின் என்ற மருந்து இருக்கும். முதிய மூளையை அது குழப்பும். அதே சமயம், பதற்றத்துக்கோ தூக்கத்துக்கோ வருடக்கணக்கில் அல்ப்ரசோலம் மாத்திரை போடுகிறவருக்கு அதைத் திடீரென்று நிறுத்தினாலும் டெலிரியம் வரும். மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "டெலிரியம்" என்ற சொல்லை எழுதி வாங்குங்கள். அடுத்த மயக்க மருத்துவருக்கு அது தேவைப்படும். சில மாதம் கழித்து நினைவாற்றலை மறுபடி சோதிக்கவும் தேதி கேளுங்கள். வார்டில் அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் அல்லது குவெட்டியபின் தொடங்கியிருந்தால், என்றைக்கு நிறுத்துவது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் விமானம் ஏறிய பிறகும் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.