பின்பக்கப் படம் பார்க்காமல் 640 யூரோவை இழந்தேன்

640 யூரோ போய்விட்டது. நேற்று மாலை அது உறுதியானது. இரவு முழுக்கத் தூக்கமில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நான் வாங்கியது 12-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் குவெட்லின்பர்க் மடத்தின் பிராக்டியேட் காசு, அதாவது மெல்லிய தகட்டில் ஒரு பக்கம் மட்டும் அடித்த காசு, என்று நம்பினேன். இரு கோபுரங்களுக்கு நடுவே, வளைவின் கீழ் மடத்தலைவி அமர்ந்திருக்கும் வெள்ளிக் காசு. பழைய காசுகளைத் திரும்பப் பெற்றுப் புதிதாக அடிப்பது அன்றைய வழக்கம். மக்டபர்க் நகரில் பேராயர் விக்மன் காலத்தில் ஆண்டுக்கு இருமுறை. அதனால் எஞ்சியவை பெரும்பாலும் புதையல்களில் கிடைத்தவைதான். ஆகவே விலை எனக்கு நியாயமாகவே பட்டது.

இணைய ஏலத் தளம் ஒன்றில் பார்த்தேன். கறுப்பு வெல்வெட் துணிமேல் ஒரே படம். பின்பக்கத்தைக் காட்டச் சொல்லி எழுதினேன். "ஒருபக்கக் காசுதானே, பின்னால் என்ன இருக்கப் போகிறது? இது என் தாத்தா சேர்த்து வைத்தது" என்று பதில் வந்தது. தாத்தா என்றதும் என் மனம் இளகிவிட்டது. உடனே பணம் அனுப்பினேன்.

பின்பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது! மெல்லிய வெள்ளித் தகட்டை மெத்தென்ற அடிப்பொருள்மேல் வைத்து ஒரே அச்சால் அடிப்பதால், முன்பக்கம் புடைத்த கோபுரம் பின்பக்கம் குழியாக, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழுந்திருக்க வேண்டும். என் கைக்கு வந்ததன் பின்பக்கம் மொழுமொழுவென்று மங்கிக் கிடந்தது. ஒரு கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டியது 1.4 கிராம் இருந்தது. பிறகு தேடியபோது இன்னொரு விற்பனைப் படம் கண்ணில் பட்டது. விளிம்பில் அதே விரிசல், அதே இடத்தில். கையால் அடித்த இரு காசுகள் அப்படி விரிசல் விடாது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த போலிகள்.

விற்றவரிடம் கேட்டேன். "கருத்து வேறுபாடு இயல்பு" என்றார். மீண்டும் எழுதினேன், பதிலே இல்லை. தளத்தாரோ முதலில் நிபுணர் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். வாரக்கணக்கில் அலைந்து வாங்கி அனுப்பினேன். "தனிநபர் விற்பனை, புகார்க் காலமும் முடிந்தது" என்று நேற்று இரண்டே வரியில் என் புகாரை மூடிவிட்டார்கள். சான்றுக்குச் செலவழித்தது தனி. 640 யூரோ!

பின்பக்கப் படமும் எடையும் தராதவரிடம் வாங்காதீர்கள். விளிம்பை மற்ற விற்பனைப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் புதையல், எந்த ஏலம் என்று எழுத்தில் கேளுங்கள். காசு வந்த அன்றே எடை போடுங்கள். நான் பத்து நாள் பெட்டியில் வைத்திருந்தேன்.

நாளை காலை காவல் நிலையத்துக்குப் போகிறேன். அந்த இரண்டு படங்களையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.